எங்கட கதவு நிலையில ஈயம்!

போன சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். வீடு விக்கிற போமை நிரப்பிக் கையெழுத்து வைக்கிறது.

ரொக்ஸ்பரோவில இருக்கிற எங்கட வீட்டுக்கு என்னைவிட வயசு கூட. என்ர முழங்கால் ரெண்டும் படி ஏறமாட்டம் எண்டு அடம்பிடிக்கிறதால, இல்-பிசாரில மகளின்ர வீட்டுக்குக் கிட்ட மாடியில்லாத வீடொண்டு பாத்து வைச்சிருக்கிறம். இது வித்தால்தான் அது.

முதல் வந்து பாத்த ரெண்டு குடும்பமும் "மெர்சி, மெர்சி" எண்டு பிரெஞ்சில நன்றி சொல்லிச் சிரிச்சுக்கொண்டு போனவை. போனவை போனவைதான்!

மூண்டாவதா வந்தவை ஆர்த்தி, விக்னேஷ். சென்னைப் பிள்ளையள், ரெண்டு பேருக்கும் கம்பியூட்டர் வேலை. இடுப்பில தவழுற வயசுக் குழந்தை. வீடு பிடிச்சுப் போச்சு. "பேப்பர் மட்டும் குடுங்க ஆன்ட்டி, சைன் பண்ணிடறோம்" எண்டிட்டினம்.

சரி, போமை எடுத்தன். எல்லாம் நல்லாத்தான் போச்சுது. நடுவில ஒரு கேள்வி. வீட்டில ஈயம், அதுதான் லெட், கலந்த பழைய பெயின்ற் இருக்கோ, உங்களுக்குத் தெரியுமோ?

புறோக்கர் குகனுக்கு போன் அடிச்சன்.

"தெரியாது எண்டு போடுங்கோ அக்கா. உண்மையாவே உங்களுக்குத் தெரியாதுதானே?"

அதோட விட்டிருக்கலாம். ஆர் விட்டது? ஈயம் குழந்தையளின்ர மூளைக்குக் கூடாதாம். அந்தச் சின்னன் நிலையைப் பிடிச்சு எழும்பும், பேந்து நிலையை நக்கும். எனக்கு மனசு கேக்கேல்ல.

"இஞ்சரும், சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதையும்" எண்டார் என்ர மனிசன்.

ஊதத்தான் வேணும் எண்டு வெளிக்கிட்டு, ஹாட்வெயார் கடையில ஈயம் பாக்கிற குச்சிப் பெட்டி ஒண்டு வாங்கிக்கொண்டு வந்தன். பெட்டி நிறையப் பிரெஞ்சு. எனக்கு விளங்கினது ஒரு வரிதான். ஈரக் குச்சியைப் பெயின்ற்றில தேய்க்க வேணும், சிவந்தால் ஈயம்.

முதல் குச்சியை வாசல் கதவு நிலையில தேய்ச்சன்.

சிவந்திட்டுது!

ஐயோ கடவுளே! ரெண்டாவதை சாமியறை நிலையில தேய்ச்சன். அது இன்னும் சிவப்பு! குசினியில தேய்ச்சன், ஒண்டுமில்லை. குளியலறையிலயும் ஒண்டுமில்லை.

"இஞ்சருங்கோ! வீடு கட்டினவன் நல்ல இடமாப் பாத்துத்தான் நஞ்சு வைச்சிருக்கிறான்!"

மனிசன் ரீவியில இருந்து கண்ணெடுக்கேல்ல. "இருபது வருசம் இருந்திட்டம். எனக்கொண்டும் ஆகேல்லையே?"

"உங்களுக்கு ஆனதோ ஆகாததோ எண்டு ஆர் கண்டது?"

நான் போனை எடுத்து ஆர்த்திக்கு அடிச்சன். புறோக்கரைக் கேக்காமல், புருசனைக் கேக்காமல், நேர வாங்கிற ஆளுக்கு! என்ர புத்தியை என்னெண்டு சொல்ல.

"பிள்ளை, எங்கட வீட்டு நிலையில ஈயம் இருக்கு. உங்கட குழந்தைக்குக் கூடாது. எனக்கு மறைக்கத் தெரியாது பிள்ளை."

அங்கால சத்தமே இல்லை. எனக்கு அந்தச் சத்தமில்லாமைதான் பிடிக்காது. அதை நிரப்ப வெளிக்கிட்டன்.

"ஸ்னோ கரையேக்க பேஸ்மென்ற்றுக்குத் தண்ணி வரும் பிள்ளை. அங்கிள் உங்களுக்கு 'கொஞ்சம் குளிர்மை' எண்டு சொன்னவரெல்லே? அது குளிர்மையில்லை, தண்ணி. கூரைக்குள்ள அணில் குடும்பம் ஒண்டும் இருக்கு. பின்பக்க யன்னல் பூட்டாது, ஜனவரியில துவாய் வைச்சுத்தான் அடைக்கிறனான்."

இப்பதான் மனிசன் ரீவியை நிப்பாட்டினார். எனக்கு முன்னால வந்து நிண்டு, வாயைப் பொத்து, வாயைப் பொத்து எண்டு கையைக் காட்டுறார். எனக்கெண்டால் பாவமன்னிப்புக் கிடைச்ச மாதிரி ஒரே சுகம். நிப்பாட்ட ஏலேல்ல.

கடைசியா ஆர்த்தி சொன்னாள், "ஆன்ட்டி... நாங்க ஈவ்னிங் நேர்ல வர்றோம்."

போச்சு! மூண்டாவது குடும்பமும் மெர்சிதான். மனிசன் சோபாவில குந்திக்கொண்டு, "நுணலும் தன் வாயால கெடும். இஞ்ச நுணலின்ர புருசனும் சேந்தெல்லோ கெடுறான்" எண்டார்.

பின்னேரம் வந்தினம். நான் குற்றவாளி மாதிரி வாசல் நிலையைக் காட்டினன். விக்னேஷ் குனிஞ்சு பாத்தான். குழந்தையின்ர பைக்குள்ள இருந்து ஈரத் துடைப்புத் தாள் ஒண்டை உருவி நிலையைத் துடைச்சான்.

தாளும் சிவந்திட்டுது!

"ஆன்ட்டி, பேபி வைப்ஸுக்கெல்லாம் லெட் டெஸ்ட் பண்ணத் தெரியாது."

ஆர்த்தி தாளை வாங்கி மணந்து பாத்தாள். "வெள்ளிக்கிழமைல நிலைக்குக் குங்குமம் வைப்பீங்களா ஆன்ட்டி?"

வைப்பனே! இருபது வருசமா ஒரு வெள்ளி விடாமல் வைச்சனான். ஆக்கள் வீடு பாக்க வரேக்க துடைச்சு விடுங்கோ எண்டு குகன் சொன்னதால, போன கிழமைதான் ஈரத்துணியால துடைச்சனான். கண்ணுக்குத்தான் போயிருக்கு. சாமியறை நிலையிலயும் அதே கதைதான். அம்மாளாச்சிக்கு வைச்ச குங்குமத்தை நஞ்செண்டு சொல்லி வீட்டைக் குழப்பினவள் உலகத்திலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பன்.

மிச்சக் குச்சியளை எடுத்து விக்னேஷ் நிலையின்ர உச்சியில ஒண்டு, யன்னல் விளிம்பில ஒண்டு தேய்ச்சுப் பாத்தான். சிவக்கேல்ல. "எதுக்கும் இன்ஸ்பெக்டரும் பாக்கட்டும் ஆன்ட்டி, ஆனா பயப்பட ஒண்ணும் இல்லன்னுதான் தோணுது."

எனக்குச் சந்தோசத்தில கண்ணால தண்ணி வந்திட்டுது. குசினிக்கு ஓடித் தேத்தண்ணி போட்டன். மனிசனுக்கும் நெஞ்சு நிமிந்திட்டுது. "நான் அப்பவே சொன்னனான், இது தங்கமான வீடு!"

ஆர்த்தி தேத்தண்ணியை ஊதி ஒரு வாய் குடிச்சாள். குழந்தையை மடியில சரியாக்கினாள்.

"லெட் இல்லன்னதும் நிம்மதியா இருக்கு அங்கிள். அந்த பேஸ்மென்ட் தண்ணி எவ்ளோ உயரம் வரும்?"

மனிசன் என்னைப் பாத்தார். நான் பலகாரத் தட்டைப் பாத்தன்.

வீட்டை அவைதான் எடுக்கினம். "இவ்ளோ சொன்னவங்க வேற எதையும் மறைச்சிருக்க மாட்டீங்க" எண்டாளாம் ஆர்த்தி குகனிட்ட. ஆனா பேஸ்மென்ற் வெடிப்பை அடைச்சு, யன்னலை மாத்தி, அணிலை அனுப்பினாப் பிறகுதானாம் கையெழுத்து. இண்டையோட நாலு நாள், மனிசன் கீழ நிண்டு சீமெந்து குழைக்கிறார். என்னோட கதை பேச்சில்லை.

போமில ஈயத்துக்கு நேர "தெரியாது" எண்டு போட்டன். மிச்சத்தை எழுதக் குகன் இன்னும் ரெண்டு பேப்பர் கொண்டு வந்தவர்.