ஓட்டோ ஸ்பிரிங்கும் ஒரு நீல மாப்பிள்ளையும்

நான் பருமனான ஆள். இதைச் சொல்ல எனக்கு எந்த வெட்கமும் இல்லை. என் கலியாணத்தன்று நடந்ததற்கு என் உடம்புதான் காரணம் என்று இரண்டு குடும்பங்களும் இன்றுவரை சொல்கின்றன. நான் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒல்லியான ஒருவனை மனதில் வைத்து மோட்டார் சைக்கிளுக்கு ஸ்பிரிங் போட்டவர்கள் செய்த பிழைக்கு, நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த நான் எப்படிப் பொறுப்பாவேன்? (பிறக்கும்போதே இந்த எடை இல்லை. உம்மா சொல்வதைக் கேட்டால் பெரிய வித்தியாசமும் இல்லை.)

கல்முனைக்குடியில் நான் பௌதிகவியல் ரியூசன் சேர். என் முதல் மோட்டார் சைக்கிளைச் சுனாமி கொண்டுபோனது. ஆட்களைப் பறிகொடுத்த ஊரில் ஒரு பைக்குக்காக அழ முடியாது. வாயை மூடிக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். எப்போதாவது இரவல் பைக் கிடைத்தாலும் சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கித் தள்ள வேண்டும். அந்தக் காலத்தில் நான் பைக்கில் போனதைவிட பைக்கோடு நடந்ததுதான் அதிகம்.

யுத்தம் முடிந்தது. சாவடிகள் எடுபட்டன. பாதைக்குத் தார்க் காபட் போட்டு வழுவழுப்பாக்கினார்கள். இறங்காமல் போகக்கூடிய அந்தப் பாதையைப் பார்த்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்தது. கொழும்புக்குப் போய், ஜப்பானில் யாரோ ஓடிக் கழித்த ஒரு ரேஸ் பைக்கை வாங்கி வந்தேன். நல்ல சிவப்பு.

நான் ஏறியதும் அது குந்திக்கொண்டது. பின்பக்கம் இறங்கி மட்காட் ரயரில் உரசியது. முன்பக்கம் நிமிர்ந்து, லைட் வெளிச்சம் தென்னை மர உச்சி வட்டுக்கு அடித்தது. சின்னக் குழியில் விழுந்தாலும் அடியில் டக்கென்று இடித்து, அந்த இடி என் பிடரிவரை ஏறியது.

பாண்டிருப்பில் கராஜ் வைத்திருந்த யோகன் என் கூட்டாளி. அவனும் நானும் முதலில் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் வளையத்தை இறுக்கினோம். வண்டி உயர்ந்தது, நான் ஏறியதும் பழையபடி தொய்ந்தது. வளையம் உயரத்தைத்தான் மாற்றும், ஸ்பிரிங்கின் பலத்தை மாற்றாது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. (இதை நான் வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.)

இதற்கிடையில் மருதமுனையில், இடுப்பில் கட்டும் சாரனுக்குச் சாயம் போட்டு நெய்யும் ஒரு நெசவுக் குடும்பத்தில் எனக்குக் கலியாணம் பேசி முடித்தார்கள். எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். வீடு அவளுடையது. கட்டில், அலுமாரி, கிணறு எல்லாம் அவளுடையது. என்னுடையது என்று அந்த வாசலுக்குள் போகப்போவது இந்தப் பைக் ஒன்றுதான். அதையும் வெளியே விட்டுவிட்டு வரச் சொன்னார் பெண்ணின் வாப்பா, என் மாமா.

"இந்த உடம்புக்கு இந்தப் பைக் சரிவராது மகன். கலியாணத்துக்கு வேனில வாங்க. அத வித்திட்டு மறுகா ஒரு ஸ்கூட்டி எடுப்பம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பைக்கிலதான் வருவன் மாமா. வாற வழியில இது என்னக் கவுத்தா அடுத்த நாளே விக்கிறன்" என்றேன். பெரியவர்கள் முன்னால் சொன்ன வார்த்தை. இனி விழுங்க முடியாது.

யோகனிடம் ஓடினேன். ஒரு முழுக் குடும்பத்தையும் அரிசி மூட்டையையும் அக்கரைப்பற்றுவரை சுமக்கிற ஓட்டோ ஸ்பிரிங் என்னைச் சுமக்காதா என்று கேட்டேன். அவனுக்கும் அது பெரிய கண்டுபிடிப்பாகப் பட்டது. வெட்டி, அரைத்து, தட்டிப் பூட்டினான். என்னை ஏற்றி இருத்தி நாடா பிடித்து அளந்தான். ஸ்பிரிங் அமுங்கக்கூடிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் இறங்கி நின்றது, புத்தகத்தில் இருப்பதுபோல. "சேர், இனி நீங்க மாமியாரையும் ஏத்திக்கொண்டு போகலாம்" என்றான். காபட் பாதையில் ஓடிப் பார்த்தேன். ராஜ நடை. அந்தப் பாதையில் ஒரு மேடுகூட இல்லை என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

கலியாண நாள். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை. முன்னால் நான், பின்னால் சொந்தக்காரர்களின் வேன்கள். பெண் வீட்டு ஒழுங்கை முனையில் ஹெல்மட்டைக் கழற்றி வேனில் கொடுத்துவிட்டுத் தொப்பி போட்டுக்கொண்டேன். உள்ளே றபான் மேளம் அடித்துப் பைத்துப் பாட்டுப் படித்தார்கள். வேலிக்கு வேலி பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று கொஞ்சம் முறுக்கினேன்.

ஒழுங்கையின் நடுவில், ஓட்டோக்காரர்களை அடக்குவதற்காக ஊரார் தாங்களாகவே ஒரு சீமெந்து மேடு கட்டியிருந்தார்கள். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறியபோது ஓட்டோ ஸ்பிரிங் என் முழுப் பாரத்தையும் வாங்கி அமுங்கியது. அமுங்கிய ஸ்பிரிங்கை மெல்லத் திரும்பவிடுவது சொக் அப்சோபருக்குள் இருக்கும் எண்ணெயின் வேலை. அந்த எண்ணெயும் சிலிண்டரும் பழைய ஒல்லி ஆளுக்குச் செய்தவை. ஸ்பிரிங்கை மாற்றிய நாங்கள் அதை மாற்றவில்லை. சேமித்த சக்தி எங்கேயாவது போய்த்தான் ஆகவேண்டும். அது எனக்குள் போனது.

பைக் நேராகப் போய் வேலியில் சாய்ந்து நின்றது. நான் தனியாகப் போனேன். விழுந்த இடம் மெத்தென்றுதான் இருந்தது. மாமாவின் சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீர் வந்து தேங்கும் வடிகான். அன்று காலை நீலம் காய்ச்சியிருந்தார்கள்.

எழுந்து நின்றேன். றபான் நின்றுவிட்டது. ஓடிவந்து தூக்கியவர்களை விலக்கிவிட்டு, தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, வாசல்வரை நானே நடந்தேன். இறங்கித் தள்ளி நடந்து பழகிய கால்கள்தானே.

வாசலில் என் மச்சினன் ரிஸ்வான் செம்பில் தண்ணீரோடு நின்றான். வரும் மாப்பிள்ளையின் காலைப் பெண்ணின் தம்பி கழுவுவதும், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவதும் எங்கள் வழக்கம். அவன் செம்பைப் பார்த்தான். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான்.

"மச்சான், எங்க இரிந்து தொடங்குற?"

செம்பு போய் வாளி வந்தது. வாளி போய்க் கிணற்றடியே வந்தது. சவர்க்காரம் கரைந்ததே தவிர, வலது காதும் கன்னமும் கையும் நீலமாகவே நின்றன. அந்தக் கையைப் பிடித்துத்தான் மாமா எனக்கு நிக்காஹ் செய்து தந்தார். முடிந்ததும் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு சொட்டு நீலம் ஒட்டவில்லை. அவர் முகத்தில் கவலையையும் மீறி ஒரு பெருமை வந்ததை நான் கண்டேன்.

மறுநாள் காலை மாமா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல் சொன்னதுதான், பைக்கை விற்கிறேன் என்றேன். உண்மையாகவே எனக்கு அழுகை வந்தது. இந்த முறை அடக்கவும் இல்லை. அதுவரை என்னோடு நாலு வார்த்தை பேசியிராத என் பெண்சாதி அடுப்படியிலிருந்து குசினி வாசலில் வந்து நின்றாள்.

"கடைச் சாரன் இவருக்குச் சுத்தி வராதெண்டு நீங்கதானே வாப்பா அகலம் கூட்டி நெய்து குடுத்தீங்க. ஆள மெலியச் சொன்னீங்களா? பைக்கும் அப்பிடித்தான். அத விக்க வேணா. முன்னுக்கும் பின்னுக்கும் எல்லாத்தையும் இவர்ட அளவுக்கு மாத்தட்டும். இது என்ட வீடு, பைக் இஞ்சதான் நிக்கும்."

மாமா தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையை அவளிடம் நீட்டிவிட்டுப் பட்டறைக்குப் போனார். வீடு அவளுடையது என்றால் பேச்சும் அவளுடையதுதான்.

என் எடைக்கென்றே செய்த ஸ்பிரிங்கைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். முன்பக்கத்துக்கும் பலமான ஸ்பிரிங்கும் தடித்த எண்ணெயும் போட்டோம். பின்சொக்கைப் பிரித்து, ஸ்பிரிங் துள்ளாமல் திரும்பும்படி உள்ளே இறுக்கினான் யோகன். இப்போதும் அதே பைக்தான். நான் ஒரு கிலோகூடக் குறையவில்லை. அந்தச் சீமெந்து மேடும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு நாளும் வேண்டுமென்றே அதன் மேலால்தான் போகிறேன். பைக் ஒருமுறை அமுங்கி, ஒருமுறை எழும்பி, அடங்குகிறது. ரிஸ்வான் மட்டும் பைக் சத்தம் கேட்டால் இன்னும் செம்போடு வாசலுக்கு வந்து நிற்கிறான்.

மாமாவின் கடைக்குச் சாரன் வாங்க வருகிறவர்கள் சாயம் போகுமா என்று கேட்பார்கள். அவர் சுவரில் மாட்டியிருக்கும் எங்கள் கலியாணப் படத்தைக் காட்டுவார்.

"மருமகன்ட காதப் பாருங்க. இது கழுவினதுக்குப் பொறகு எடுத்த படம்."