மாதிரி வகுப்பில் நான் சொன்ன ஏழு பதில்கள்

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு, மூத்த மருமகன் பணிந்து எழுதுவது.

இயேசுவுக்கே புகழ். தங்கள் மகளும் பேரப்பிள்ளைகளும் சுகம். அத்தையின் முழங்கால் வலிக்காகத் தினமும் பூசையில் வேண்டிக்கொள்கிறோம். மருந்தையும் அவர்கள் விடாமல் சாப்பிடட்டும்.

நல்ல சேதி மாமா. எங்கள் கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியை கிடைத்துவிட்டார். பழையவர் விலகியதிலிருந்து ஏழு மாதமாக விளையாட்டு ஆசிரியனான நான் ஆங்கிலம் நடத்துவதும், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியரான தாங்கள் வாராவாரம் பாடக்குறிப்பு எழுதி அனுப்பி என் மானத்தைக் காப்பதும் தெரிந்ததே. இதுவரை பிள்ளைகள் ஆங்கிலத்தில் கண்ட ஒரே முன்னேற்றம், உயர வரிசைப்படி உட்காருவது. ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வருகிறது. சொல்ல வெட்கமில்லை.

விளம்பரம் பார்த்து இரண்டு பேர் புறப்பட்டார்கள். முதல் ஆள், எங்கள் புனிதரின் பெயரிலேயே இரண்டு தெரு தள்ளி இன்னொரு பள்ளி இருப்பது தெரியாமல் அங்கே போய் உட்கார, நாம் விளம்பரமே கொடுக்கவில்லையே என்று யோசிக்காமல் அவர்களும் சேர்த்துக்கொண்டார்கள், புனிதரும் தடுக்கவில்லை. மிஞ்சியது ஒரு சின்னப் பெண். அவளுக்கு மாதிரி வகுப்பு வைத்த அன்று பிள்ளைகளுக்கு விடுமுறை என்பது, மணி அடித்த பிறகுதான் தலைமையாசிரியை சிஸ்டருக்கு நினைவு வந்தது. அதனாலென்ன, நாமே உட்காருவோம் என்று தாளாளர் பாதர் முதல் கிளார்க் வரை ஒன்பதாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்தோம். உட்கார்ந்ததுதான் தாமதம், எல்லாருக்கும் பழைய புத்தி வந்துவிட்டது. வேதியியல் ஆசிரியர் கடைசி பெஞ்சுக்கு ஓடினார், கிளார்க் "தண்ணி குடிச்சிட்டு வரேன் டீச்சர்"னு போனவர் திரும்பவேயில்லை, பாதர் கன்னத்தில் கைவைத்துக் கண்ணை மூடினார். "பாதர், எழுந்து நில்லுங்க!"ன்னு அந்தப் பொண்ணு போட்ட அதட்டல்ல பாதரோட சேர்ந்து நானும் எழுந்து நின்னுட்டேன். அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பிச்சா மாமா, ஒருத்தர்கூடக் கை தூக்கல. வகுப்பு பதில் சொல்லுதாங்கிறதுக்கே பாதி மார்க். இவ தோத்தா நான் கரும்பலகையோடயே கிடந்து சாகணும். நல்லவேளை, நீங்க குறிப்பு எழுதி அனுப்பின பாடம். தூக்கினேன் கையை. ஏழு கேள்விக்கும் நானே பதில், அதுவும் இங்கிலீஷ்லயே. போதாததுக்கு ரெண்டு சந்தேகம் வேற கேட்டேன். சிஸ்டர் வெச்ச கண் வாங்காம என்னையே பார்த்துட்டிருந்தாங்க.

வகுப்பு பிரமாதம் என்று எல்லாரும் கைதட்டினார்கள். திங்கட்கிழமை முதல் நான் மைதானத்தில் இருப்பேன். தாங்களும் இனிப் பேனாவுக்கு ஓய்வு கொடுக்கலாம்.

இறைவன் தங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நிம்மதியான தூக்கமும் தருவாராக.

என்றும் தங்கள் ஆசியை நாடும்,
மருமகன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் சிஸ்டர் கூப்பிட்டனுப்பினார். "ஏழு மாசமா வெளியில தேடினோமே மாஸ்டர், நல்ல இங்கிலீஷ் டீச்சர் நம்ம பள்ளிக்கூடத்துலயே இருந்திருக்காரு!" என்று சொல்லி ஆங்கில ஆசிரியர் நியமன ஆணையை என் கையில் கொடுத்தார். நிரந்தரமாம். அந்தப் பெண்ணையும் விடவில்லை. கல்லூரியில் ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கியவளாம்; அந்தக் குரல் மைதானத்துக்குத்தான் ஏற்றது என்று பாதரே சிபாரிசு செய்தாராம். என்னிடமிருந்து விசிலை வாங்கிக்கொண்டு போகும்போது, "நல்லா பதில் சொன்னீங்க சார்" என்று பாராட்டினாள்.