சனிக்கிழமை மயில்

சனிக்கிழமைக்குள் ஒரு மயில் வேண்டும். கிருபாசங்கருக்கு இப்போது உலகத்தில் வேறு தேவை எதுவும் இல்லை.

மகள் ரித்திகா ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடம் மாறிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. சினேகிதி என்று ஒருத்திகூட இன்னும் வீடு தேடி வந்ததில்லை. அப்படிப்பட்ட பெண் திங்கட்கிழமை சாயங்காலம் புத்தகப் பையைக்கூட இறக்காமல் வந்து நின்றாள். 'சுற்றுப்புற இயற்கையை அறிவோம்' என்று பள்ளியில் ஏதோ திட்டமாம். எங்கள் காலனிக்கு வந்தால் மயில் பார்க்கலாம் என்று இவள் வகுப்பில் எழுந்து சொன்னாளாம். சாஜிதா பேகம் மிஸ் உடனே சரியென்றுவிட்டாராம். வருகிற சனிக்கிழமை வகுப்பு மொத்தமும் பஸ் ஏறி வருகிறது.

கிருபாசங்கருக்குப் பெருமை தாங்கவில்லை. காலனியில் மயிலே இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

முன்பு இருந்தன. தொண்டாமுத்தூர் சாலையில், மலை தெரிகிற இடத்தில் இருக்கிறது 'காட்டுமல்லி என்க்ளேவ்'. குழந்தை இயற்கையோடு வளர வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் காந்திபுரத்து வீட்டை விட்டு இங்கே குடிவந்தார். வந்ததும் வாசல் மண்ணுக்கு டைல்ஸ் போட்டார், காலில் ஒட்டுகிறது என்று. வேப்பமரத்தை வெட்டினார், இலை கொட்டுகிறது என்று. அப்புறம் 'நமது பறவைகள்' என்று ஒரு வண்ணப்படம் வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டினார். ஞாயிறுதோறும் மகளை எதிரே உட்காரவைத்து அதிலிருந்து கேள்வி கேட்பார். படத்திலுள்ள பறவையே ஜன்னலுக்கு வெளியே வந்து கத்தினால், பாடம் கெடுகிறதென்று ஜன்னலைச் சாத்துவார்.

மயில் போன கதையும் இதே லட்சணம்தான். ஒரு மயில் அவருடைய புதுக் கறுப்புக் காரில் தன் உருவத்தைப் பார்த்துவிட்டு, போட்டிக்கு வந்த மயில் என்று நினைத்து, கதவுப் பெயின்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டது. அன்றைக்கே காலனி வாட்ஸ்அப் குழுவில் அவர் உருக்கமாக எழுதினார். அடுத்த வாரம் பக்கத்துக் காலி இடத்துப் புதரையெல்லாம் ஜேசிபி வைத்து வழித்தார்கள். மயில்கள் மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எல்லோரும் கிருபாசங்கருக்கு நன்றி சொன்னார்கள்.

"மயிலு வரலைன்னாலும் பரவால்லீங்கப்பா," என்றாள் ரித்திகா. "எல்லாரும் நம்மூட்டுக்கு வந்தாப் போதும்."

எவ்வளவு பெரிய மனது என்று அவர் உருகிப்போனார். மயில் வராவிட்டால் திங்கட்கிழமை முதல் பள்ளிக்கூடத்தில் இவளுக்குப் புழுகுணி என்றுதான் பெயர். பிறகு எவள் இவளோடு பேசுவாள்?

செவ்வாய்க்கிழமை ஒரு மூட்டை கம்பு வாங்கிவந்து காலி இடத்தில் இறைத்தார். மயில் வரவில்லை. புறாக்கள் வந்தன. எங்கிருந்து வந்தன என்றே தெரியாதபடி வந்தன. கம்பைத் தின்று முடித்துவிட்டு, வெயிலுக்கு ஒதுங்க ஆளுக்கொரு பால்கனியைப் பிடித்துக்கொண்டன. சங்கத் தலைவர் ஈஸ்வரமூர்த்தி வீட்டு மாடியில் இருந்த சோலார் தகடுகள் சாயங்காலத்துக்குள் வெள்ளையடித்த சுவராகிவிட்டன. கிருபாசங்கரின் மனைவி சண்முகப்பிரியா துவைத்த துணியையே மறுபடியும் துவைத்தாள்.

"ஏனுங்க, மயிலு வர்றதுக்குள்ள மனுசங்களை ஓட்டிப்போடுவீங்களாட்ட இருக்குது," என்றாள்.

அவர் காதில் வாங்கவில்லை. அன்னூரில் தக்காளி விவசாயம் பார்க்கும் மாமனார் கந்தப்பனுக்குப் போன் போட்டு, மயிலை வரவழைக்க வழி கேட்டார்.

"ஏனுங் மாப்பிள்ளை," என்றார் கந்தப்பன், "உடம்பு கிடம்பு ஏதும் சரியில்லீங்களா?"

மயில் தக்காளியைத் தின்று தீர்ப்பதாகவும், விடிந்தால் தகரம் தட்டித் துரத்துவதே தன் பிழைப்பாகிவிட்டது என்றும் அவர் நொந்துகொண்டார். மருமகன் அந்த வேதனையில் தக்காளி என்ற சொல்லை மட்டும் பொறுக்கியெடுத்தார். மார்க்கெட்டில் கனிந்து போன தக்காளியைப் பெட்டி பெட்டியாக ஏற்றிவந்து அதே காலி இடத்தில் கொட்டினார்.

புதன்கிழமை விடிந்தபோது தக்காளி ஒன்றுகூட மிச்சமில்லை. தின்றது காட்டுப்பன்றிகள். தக்காளியோடு விட்டிருந்தால் பரவாயில்லை. காலனிப் பூங்காவில் போட்டிருந்த கொரியன் புல்லை வேரோடு புரட்டி, கிழங்கு தேடியிருந்தன. அந்தப் புல்லில் கால் வைக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்ட காலனிக் குழந்தைகள் முதல் தடவையாக அங்கே இறங்கி, குளம்புத் தடங்களை விரலால் அளந்து, எந்தப் பன்றி பெரிது என்று வாதம் செய்துகொண்டிருந்தார்கள். அம்மாக்கள் ஓடிவந்து ஆளுக்கொன்றாக இழுத்துப்போய்க் கைகழுவிவிட்டார்கள். இயற்கைப் பாடம் அத்தோடு முடிந்தது.

ஈஸ்வரமூர்த்தி நேரில் வந்தார். முகம் சரியில்லை. புல்லுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். கிருபாசங்கர் பதற்றப்படாமல், சனிக்கிழமை பள்ளிக்கூடம் வருகிறது, பத்திரிகைக்காரரும் வரக்கூடும், மயிலோடு தலைவர் நிற்கிற மாதிரி படம் எடுக்கலாம் என்று சொன்னார். தலைவர் கொஞ்சம் யோசித்தார். மயில் பக்கத்தில் நிற்க எந்த நிறச் சட்டை எடுப்பாக இருக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை மொட்டை மாடியில் ஸ்பீக்கர் வைத்து மயில் அகவும் சத்தத்தை ஓடவிட்டார். காலனி நாய்கள் எல்லாம் பதில் சொல்லின. சண்முகப்பிரியா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சமைத்தாள். ஆனால் வெயில் தாழும் நேரத்தில், மலைப்பக்கம் எங்கேயோ நிஜ மயில் ஒன்று பதிலுக்கு அகவியது. கிருபாசங்கருக்குக் கண் கலங்கிவிட்டது. வர மனமிருக்கிறது, ஏதோ ஒன்று குறைகிறது, அவ்வளவுதான் என்று தோன்றியது.

இணையத்தில் தேடியதில் அது தண்ணீர் என்று தெரிந்தது. கோடையில் மயிலுக்குத் தண்ணீர் வேண்டும். அதுவும் மண்கரையோடு, கணுக்கால் அளவில். காலனியில் அப்படி ஓர் இடமும் இல்லை. பழைய கிணற்றைக் கான்கிரீட் போட்டு மூடியாயிற்று. ஓடையைக் குழாய்க்குள் தள்ளியாயிற்று. திறந்த தண்ணீர் என்று மிச்சமிருந்தது கிளப் ஹவுசுக்குப் பின்னால் உள்ள நீச்சல் குளம் மட்டும்தான். கிருபாசங்கர் மோட்டார் பம்ப் கடை வைத்திருப்பவர். அதனால் குளத்து மோட்டாரின் பொறுப்பும் சாவியும் அவரிடமே இருந்தன.

வெள்ளிக்கிழமை ரித்திகா பள்ளிக்குப் போனதும் வேலை ஆரம்பமானது. நீல நிறத்தில் தளும்பிய தண்ணீரை இறைத்து வெளியேற்றினார். டிப்பர் லாரியில் செம்மண் வந்து இறங்கியது. படிக்கட்டுப் பக்கம் சரிவாகக் கரை போட்டு, கல் வைத்து, கோரைப்புல் நட்டார்கள். அடியில் கொஞ்சம் போர்வெல் தண்ணீர் விட்டதும் குளம் அசல் குட்டை போலவே ஆகிவிட்டது. சுற்றிலும் பச்சை வலை கட்டினார். ஞாயிற்றுக்கிழமை மண்ணை அள்ளிவிட்டால் போயிற்று என்று வாட்ச்மேன் கரீமுக்கு ஆறுதல் சொன்னார். கரீம் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

சண்முகப்பிரியா வந்து எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் புள்ளைக்காகன்னு சொல்றீங்க. அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

குழந்தைகளிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஆச்சரியம் என்ற உணர்ச்சியே மழுங்கிவிடும் என்று அவர் விளக்கினார். அவள் பாதியிலேயே போய்விட்டாள்.

சாயங்காலம் ரித்திகா பச்சை வலையைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"பூல்ல என்னங்கப்பா வேலை நடக்குது?"

"உன்ர சினேகிதிங்களுக்காகத்தான் கண்ணு. நாளைக்குப் பாரு."

அவள் கண்கள் விரிந்தன. "உங்களுக்கு எப்படீங்கப்பா தெரிஞ்சுது?" என்றாள்.

"அப்பனுக்குத் தெரியாமப் போயிருமா?"

ரித்திகா அவரைக் கட்டிக்கொண்டாள். பெரிய பெண்ணாகிவிட்டேன் என்று அதையெல்லாம் அவள் நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது. கிருபாசங்கர் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலை வலையை அவிழ்த்துவிட்டு, கிளப் ஹவுஸ் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். இளவெயில் ஏறும் நேரத்தில் மதில்மேல் ஒரு கழுத்து நீண்டது. அந்தக் கழுத்தின் நீலத்தைப் பார்த்ததும் அவருக்கு மூச்சே நின்றுவிட்டது. மயில் இறங்கி, செம்மண் சரிவில் நிதானமாக நடந்து போய், தண்ணீரில் அலகை வைத்தது. கிருபாசங்கர் தூணைக் கட்டிக்கொண்டு அழுதார்.

சரியாக அப்போதுதான் பள்ளிப் பேருந்தும் வந்தது. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஆளுக்கொரு பை, எல்லாம் உப்பலாக இருந்தன. பைனாகுலர், பறவைப் புத்தகம் எல்லாம் கொண்டுவந்திருக்கிறார்கள், என்ன ஆர்வம் என்று அவர் வியந்தார். ரித்திகாதான் எல்லோருக்கும் முன்னால், இரண்டு பெண்களின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். கிளப் ஹவுஸ் மூலை திரும்பியவள் அப்படியே நின்றாள். பின்னால் வந்த கும்பலும் நின்றது.

அந்த நேரம் பார்த்து மயில் தோகையை விரித்தது.

சாஜிதா பேகம் மிஸ் மெய்ம்மறந்து படம் எடுத்துத் தள்ளினார். மஞ்சள் சட்டையில் வந்திருந்த ஈஸ்வரமூர்த்தி மயிலுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார். கிருபாசங்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிள்ளைகளே, இயற்கையை நாம் மதித்தால் அது நம் வீட்டு வாசலுக்கே வரும் என்று ஆரம்பித்து, நெடுநேரம் பேசினார். ஒரு பிள்ளைகூட அசையவில்லை. இத்தனை அமைதியாக ஒரு வகுப்பு தன் பேச்சைக் கேட்டதை அவர் வாழ்நாளில் மறக்க மாட்டார்.

ரித்திகாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சினேகிதிகள் அவளைப் பார்த்தார்கள், குட்டையைப் பார்த்தார்கள், மறுபடி அவளைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி அவள் பிடித்திருந்த கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து, கிருபாசங்கரும் தன் கண்ணைத் துடைத்தார்.

அப்போது அஃப்ஷீன் என்று ஒரு பெண் கும்பலிலிருந்து விலகி, மிஸ் இந்தப் பக்கம் பார்க்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு அவரிடம் வந்தாள். மரியாதையான பெண். சட்டைக் கையை மெல்ல இழுத்து, அவர் குனிந்ததும் காதோடு கேட்டாள்:

"மயிலு நல்லாத்தான் இருக்குதுங்க அங்கிள், ஆனா மிஸ் கூட்டிட்டு வரோணும்னுதான் ரித்திகா மயிலுன்னு சொன்னா, நாங்க எல்லாரும் துண்டு கொண்டாந்திருக்கறோம், ஸ்விம்மிங் பூல் எங்கீங்க?"