கேபிள் உபயம்: தீர்த்தகிரி

உலகத்தில் தரவு மையங்கள் எத்தனையோ இருக்கலாம். நன்றி மறக்காத தரவு மையம் ஒன்றே ஒன்றுதான். அது தருமபுரியிலிருந்து சேலம் போகிற நெடுஞ்சாலையில், ஒரு மாந்தோப்பை வெட்டிய இடத்தில், ஜன்னலே இல்லாமல் குளுகுளுவென்று நிற்கிறது. பெயர் 'தகடூர் டேட்டா பேலஸ்'. ஆஸ்பத்திரி, பால் சங்கம், சீட்டுக் கம்பெனி என்று சுற்றுவட்டாரத்தின் கம்ப்யூட்டர் விவகாரமெல்லாம் அங்கே ஆளுயர இரும்பு ரேக்குகளில் குடியிருந்து, கேபிள் வழியாக வெளியுலகத்தோடு பேசிக்கொள்ளும்.

அதன் மேலாளர் ராஜாமணி, மாம்பழக்கூழ் ஆலையிலும் கோயில் திருவிழாக் கமிட்டியிலும் பழுத்து, அந்த அனுபவத்தோடு நேராக 'நெட்வொர்க்'குக்குள் குதித்தவர். திறப்பு விழா சமயத்தில் அவருக்கு ஒரு நெருக்கடி வந்தது. இடம் வாங்கிக் கொடுத்தவர், கரண்டு வாங்கிக் கொடுத்தவர், மறியல் பண்ணாமல் இருந்து கொடுத்தவர் என்று கௌரவிக்க வேண்டிய பெரிய மனிதர்கள் ஏராளம். பொன்னாடைக்குத் தலைமையகம் கையை விரித்துவிட்டது. ராஜாமணி கண்ணை மூடி யோசித்தார். கோயில் டியூப்லைட் தெரிந்தது. வெளிச்சம் வெளியே வர வழியில்லாமல் அதன்மேல் எழுதியிருந்த பெயர் தெரிந்தது.

'கேபிள் உபயத் திட்டம்' பிறந்துவிட்டது.

கேபிளின் இரண்டு முனையிலும், அது எங்கிருந்து எங்கே போகிறது என்று சின்னதாக ஒரு லேபிள் இருக்கும். அந்த அற்ப விவரத்தை உரித்துவிட்டு 'உபயம்: இன்னார்' என்று ஒட்ட வேண்டியது. அவ்வளவுதான் திட்டம். கம்ப்யூட்டரிலிருந்த பட்டியலிலும் 'எங்கிருந்து', 'எங்கே' என்ற கட்டங்கள் நீக்கப்பட்டு, 'யாரால்', 'யார் முன்னிலையில்' என்ற பண்பாடுள்ள கட்டங்கள் போடப்பட்டன.

உரித்ததும் ஒட்டியதும் வெண்மதி. பாலிடெக்னிக் முடித்த பத்தொன்பது வயதுப் பெண். பதவியின் பெயர் 'கேபிள் மேனேஜ்மென்ட் எக்ஸிக்யூட்டிவ்'. பதவியின் ஆயுள் தற்காலிகம். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. வேலை நிரந்தரமாவது ராஜாமணி போடவேண்டிய ஒரு கையெழுத்தில் தொங்கியது. ஆகவே அவளுக்குக் கதவு சாத்தினால் பயம், கதவு திறந்தாலும் பயம்.

"சார், பழைய லேபிளை உரிச்சிட்டா, எது எங்க போவுதுன்னு அப்புறம் எப்புடிங்க சார் கண்டுபுடிக்கறது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"போற எடம் கேபிளுக்குத் தெரியும். நீ ஒட்டும்மா."

ஒட்டினாள். பிறகு நிறத்தகராறு வந்தது. சிவப்புக் கேபிளில் தன் பெயரா என்று ஒருவர் கொதித்தார். பச்சை வேண்டாம் என்று இன்னொருவர். உலகமெங்கும் நிறத்தை வைத்துத்தான் எந்தக் கேபிள் எதற்கு என்று அறிகிறார்களாம். ராஜாமணி உலகத்தைவிட விவேகி. எந்தக் கட்சிக் கொடியிலும் இல்லாத சாம்பல் நிறத்தில் மொத்தக் கேபிளையும் மாற்றினார். லேபிள் உரிக்கும்போதே, ஒன்று போனால் இன்னொன்று என்று ஒரே ஆஸ்பத்திரிக்கு இரண்டு கேபிள் இருப்பதைப் பார்த்து, "ஒருத்தர் வூட்டுக்கு ரெண்டு பந்தியா?" என்று அதிலொன்றைப் பிடுங்கி, பெயர் கிடைக்காமல் காத்திருந்த ஒரு பிரமுகருக்கு ஒதுக்கினார். எல்லாவற்றையும் சேர்த்து மல்லிகைச் சரம் மாதிரி இறுக்கிக் கட்டினார்கள். போட்டோவில் அவ்வளவு அழகு. தலைமையகம் 'சிறந்த கேபிள் ஒழுங்கு' என்று கேடயம் அனுப்பியது.

அதன் பிறகு தேர்தல் வந்தது. முதல் ரேக்கின் உச்சியில் உபயமாகத் தொங்கிய ஒன்றியத் தலைவர் தீர்த்தகிரி, முன்னாள் ஆனார். இந்நாள் தலைவர் முருகேஷ் வெள்ளிக்கிழமை காலை பார்வையிட வருவதாகச் சேதி வந்தது.

"அந்தாளு பேரு தலைவரு கண்ணுல படக்கூடாதாம்" என்றார் ராஜாமணி. "வெண்மதி, அந்தக் கேபிளைக் கழட்டிரு."

"லேபிளை மட்டும் உரிச்சாப் போதாதுங்களா சார்?"

"உரிச்சா, குடுத்த மரியாதையைப் புடுங்கிட்டோம்னு அவரு ஆளுங்க வந்து நிப்பாங்க. கேபிளே இல்லைன்னா? டெக்னிக்கல் முடிவு! டியூப்லைட்டு ஃபியூஸ் போனா பேரும் கூடவே போவுதில்ல, யாராச்சும் கோயிலைக் கேக்கறாங்களா?"

"அது எங்க போவுதுன்னு தெரியலைங்களே சார்..."

"தீர்த்தகிரிகிட்டருந்து போவுது. அது போதும். கழட்டறியா, இல்ல கழட்டறதுக்கு வேற ஆளு பாக்கட்டா?"

வெண்மதி எலக்ட்ரீஷியன் மாதேஷைப் பின்பக்கம் நிறுத்தி, இந்தப் பக்கமிருந்து கேபிளை மெல்ல ஆட்டினாள்.

"மாதேஷண்ணா, அந்தப் பக்கம் எது ஆடுதுங்க?"

"எல்லாமே ஆடுது கண்ணு. தேரு கெளம்பற மாதிரி."

"நல்லாப் பாருங்கண்ணா. ஏதாச்சும் ஒண்ணு மட்டும் ஆடுதா?"

"என் கையும் ஆடுது. வேண்டாம் கண்ணு, வுட்ரு."

வாசலில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. ராஜாமணி மாலையோடு ஓடிக்கொண்டே அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கையெழுத்து இல்லை.

வெண்மதி கேபிளைப் பிடுங்கினாள்.

ஒரு பச்சை விளக்கு அணைந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. தரவு மையத்தில் தப்பு நடந்தால் சத்தமே வராது. அது அவ்வளவு நாகரிகமான இடம்.

முருகேஷ் ரேக்குக்கு முன்னால் நின்று, மின்னல் வேகத் தொழில்நுட்பம் கடைக்கோடி மனிதனுக்கும் போய்ச் சேர்வதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வெண்மதியின் கையிலிருந்த புகார் போன் அதிர்ந்தது.

"ஏம்மா, டேட்டா பேலஸா? பாப்பிரெட்டிப்பட்டிலருந்து பேசறேன், ஆஸ்பத்திரி நர்சு தெரசா. நவநீதன்னு ஒரு ஆளு, புளி உலுக்கப் போயி மரத்துலருந்து உழுந்துட்டாரு. தலைல அடி. ஸ்கேன் எடுத்து சேலத்து டாக்டருக்கு அனுப்பறேன், படம் போவவே மாட்டேங்குது!"

"போன்ல போட்டோ புடிச்சு அனுப்புங்கக்கா..."

"அனுப்பாம இருப்பனா? தேங்கா மூடியை எதுக்கு அனுப்பறீங்கன்னு கேக்கறாரு. ஆளு ஒரு பக்கம் கை அசைக்க மாட்டேங்கறாரும்மா. சீக்கிரம் பாரு!"

வெண்மதி பெரிய மனிதர்களுக்கு நடுவே புகுந்து ராஜாமணியின் காதருகே போனாள். "சார், அது ஆஸ்பத்திரி லைனுங்க. ஒருத்தருக்குத் தலைல அடியாம். திரும்பச் சொருகிடறேன் சார்."

"முன்னாள் பேரு எழுதுன கேபிளை இந்நாள் முன்னாடி சொருகுவியா?"

முருகேஷ் பேச்சை நிறுத்தி விசாரித்தார். விஷயம் கேட்டதும் மனம் இளகினார். "உசுரு சமாச்சாரம்ங்க. புதுக் கேபிளு போடுங்க. என் பேருல இருக்கட்டும். நானே சொருகறேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். அவர் கேபிளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"ராகு காலம் ஆரம்பிச்சிருச்சே. நல்ல காரியம்... பன்னெண்டு தாண்டட்டும்."

"ஐயா, அவருக்குக் கை அசையலைங்களாம்" என்றாள் வெண்மதி.

"அதுக்குத்தான் கண்ணு, நல்ல நேரத்துல சொருகணும்ங்கறது."

இளநீர் வந்தது. போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. கடைசியாக ஒருமுறை எடுத்தபோது தெரசா அழுகிற குரலில், "இனிமே நீங்க ஒண்ணும் புடுங்க வேணாம்" என்று வைத்துவிட்டாள். ஸ்கேன் படத்தையும் நவநீதனையும் ஒரே வண்டியில் போட்டு மஞ்சவாடிக் கணவாய் வழியாகச் சேலத்துக்கு ஓட்டிவிட்டார்கள். தரவும் தரவுக்கு உரியவரும் ஒன்றாகவே பயணம் செய்ததால், வழியில் 'தரவு இழப்பு' ஏதும் ஏற்படவில்லை.

பன்னிரண்டு தாண்டியதும் முருகேஷ் கேபிளைச் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. 'ஆஸ்பத்திரித் தொடர்பை மீட்ட தலைவர்' என்று மறுநாள் பெட்டிச் செய்தி வந்தது.

நவநீதன் பிழைத்துக்கொண்டார். வலது கை மட்டும் எழவில்லை. இரண்டு மணி நேரம் முன்னால் தெரிந்திருந்தால் எழுந்திருக்கும் என்றார் சேலத்து டாக்டர். தொழில்நுட்பம் அறியாதவர்.

திங்கட்கிழமை தலைமையகம் காரணம் கேட்டது. தடங்கல் நடந்த ரேக்கில் அதன் விவரத்தை லேபிளாக ஒட்டிப் படம் அனுப்ப வேண்டும் என்பது விதி. ராஜாமணி லேபிள் மெஷினை வெண்மதியின் முன் வைத்தார். எல்லா லேபிளையும் அடித்த மெஷின்தான். அவள் பெயரை அது ஒருநாளும் அடித்ததில்லை.

"தடங்கல்னு அடி. யாரால்ங்கற எடத்துல, வெண்மதி."

அவள் விரல் நின்றது. "சார்... நீங்கதானே கழட்டச் சொன்னீங்க?"

"நான் சொன்னது வாய்ல. நீ கழட்டுனது கையில. அடிச்சு ஒட்டிட்டுக் கெளம்பும்மா. நாளைலருந்து வேற பொண்ணு வருது."

அடித்தாள். எழுத்துகள் கண்ணீரில் கலங்கின. பழகிய விரல்கள் அடுத்த கட்டத்துக்குத் தானாகப் போயின.

"யார் முன்னிலையில்னு என்னாங்க சார் போடட்டும்?"

ராஜாமணி அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார்.

"யாரும் இல்லைன்னு போடு."

போட்டாள். மாவட்டத்தின் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் சாம்பல் நிறக் கேபிள்களில் தொங்கியபடி, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.