ஓடமாட்டேன் என்ற மாப்பிள்ளை

அன்புள்ள கிளாவா அக்காவுக்கு,

உன் தங்கை ஸோயா வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மாமாவின் இரத்தக் கொதிப்பு இறங்கியதா, தோட்ட வீட்டில் உருளைக்கிழங்கு நட்டாயிற்றா, எல்லாவற்றுக்கும் விவரமாகப் பதில் எழுது. இங்கே நான் நலம். ரிம்மாவும் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ வாக்கியத்துக்கு வாக்கியம் "நான் அப்பவே சொன்னேனா இல்லையா" என்று குறுக்கே வருவாய். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை ரயிலில் ரிம்மா பெர்முக்கு, உன் வீட்டுக்கு வருகிறாள். தனியாக. தையல் மிஷின் கிடக்கும் அறையை ஒழித்துக் கொடு. பல் ஆஸ்பத்திரி எதிலாவது நர்ஸ் வேலை இருக்கிறதா என்று மாமாவை விசாரிக்கச் சொல். புருஷனை விட்டுவிட்டு வருகிறாள் அக்கா, நான்தான் போகச் சொன்னேன். பெற்றவளே இப்படிச் சொல்வாளா என்று நீ கேட்பதற்குள் முழுக்கதையையும் படித்துவிடு. மாப்பிள்ளையை மரியாதையாக 'அவர்' என்றே எழுத ஆரம்பிக்கிறேன். எந்த வரியில் 'அவன்' ஆகும் என்று எனக்கே தெரியாது.

உனக்குக் கால்பந்து தெரியாது. எனக்கும் போன இலையுதிர் காலம் வரை தெரியாது. மாப்பிள்ளை தெமித் கலூகினின் வேலை நடுமைதானத்தில் நின்றுகொண்டு பந்தைப் பங்கிட்டுக் கொடுப்பது. கோல் போடுவது மற்றவர்கள், போட வைப்பது இவர். பதினெட்டு வயதில் மாஸ்கோவுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே கோச் எல்லோரையும் மைதானத்தை எட்டுச் சுற்று ஓடச் சொன்னார். இவர் மூன்றாவது சுற்றில் புல்லில் உட்கார்ந்து, "பந்து ஓடட்டும், நான் எதுக்கு ஓடணும்?" என்றார். மாஸ்கோ முடிந்தது. ஜெர்மனிக்குப் போனார், அங்கே கோச் பலகையில் அம்புக்குறி போட்டு இவர் நிற்க வேண்டிய இடத்தைக் காட்ட, இவர் அதை அழித்துவிட்டுச் சரியான இடம் எது என்று வரைந்து காட்டினார். அந்தக் கோச் நல்ல மனுஷர், பார்த்துவிட்டு "நீ சொல்றதுதான் சரி" என்று ஒப்புக்கொண்டார். இவர் விடவில்லை, "அப்ப எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளுங்க" என்றார். ஜெர்மனியும் முடிந்தது. துருக்கியில் சூப்பில் புதினா போட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு, பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து விமானம் ஏறிவிட்டார். தேசிய அணியில் ஒரே ஒருமுறை கூப்பிட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைக் கோச், "எந்திரிச்சுப் போய் உடம்பைச் சூடு பண்ணிக்கோ" என்றிருக்கிறார். இவர், "எனக்கு ஏற்கெனவே சூடாத்தான் இருக்கு" என்றிருக்கிறார். அவ்வளவுதான், நாட்டுக்காக ஆடியது முடிந்தது, பந்தைத் தொடாமலே. பத்திரிகைக்காரர்கள் இவரைப் பற்றி 'மேதை' என்று தொடங்கி அடுத்த வார்த்தையாக 'ஆனால்' போடுவார்கள். அந்த 'ஆனால்' கூடத்தான் என் மகள் ஒன்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறாள்.

போன செப்டம்பரில் முப்பத்திரண்டு வயதில் எந்த அணியும் இல்லாமல் ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இரண்டே அறை உள்ள வீடு என்று உனக்குத் தெரியும். எனக்குப் பிடித்த சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்தார். பீட்ரூட் சூப் வைத்தால் "அத்தை, நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல ஒரு யோசனை இல்ல" என்பார். சூப்பில் என்ன யோசனை அக்கா? ரிம்மா காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊரார் பல்லையெல்லாம் பார்த்துவிட்டு வருவாள். இவர் டீவியில் இங்கிலாந்துக்காரர்கள் ஆடுவதைப் பார்த்து "குருடா, இடது பக்கம் காலியா கிடக்கு பார்" என்று கத்திக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் நம்மூர் 'புக்சீர்' அணிக்காரர்கள் வந்தார்கள். படகுத்துறைக்காரர்கள் இழுவைப்படகின் பெயரை அணிக்கு வைத்தாலும் வைத்தார்கள், அந்த வேகத்தில்தான் ஆடுகிறார்கள். பட்டியலில் கடைசிக்கு ஒன்று முன்னே. கோச் ஃபதேய் லுக்கிச் தேன் கேக்கும் கையுமாக நான்கு மாடி ஏறி மூச்சிரைக்க வந்தார். மாப்பிள்ளை சோபாவில் திரும்பவே இல்லை.

"சொல்லுங்க, முதுகுக்கும் காது கேக்கும்" என்றார்.

ஃபதேய் முதுகோடு முக்கால் மணி நேரம் பேசினார். கடைசியில் முதுகு இரண்டு நிபந்தனை சொன்னது: ஓடச் சொல்லக் கூடாது, ஆட்டத்தின் நடுவில் வெளியே கூப்பிடக் கூடாது. ஃபதேய் இரண்டுக்கும் தலையாட்டினார். நீரில் மூழ்குகிறவர் வேறென்ன செய்வார்.

முதல் ஆட்டத்தன்று ரிம்மாவுக்கு வேலை. டிக்கெட் வீணாகிறதே என்று நான் போனேன். பக்கத்தில் ஒரு பெரியவர் சூரியகாந்தி விதை கொறித்துத் துப்பிக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் ஒன்றும் புரியவில்லை. இருபது ஆண்பிள்ளைகள் ஓடினார்கள், மாப்பிள்ளை மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல் நின்றார். திடீரென்று பந்து அவரிடம் வந்தது. எதிரே மூன்று பேர், வழியே இல்லை. அவர் தலையைக்கூடத் தூக்காமல் ஆளே இல்லாத ஒரு மூலைக்குத் தட்டினார். தப்பு என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் நம் ஆள் ஒருவன் ஓடிவந்து அந்த மூலையில் பந்தைச் சந்தித்தான். அக்கா, முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வடிவியல் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு கோடு எங்கே வெட்டும் என்பதைச் சாக்பீஸ் இல்லாமல், பார்க்காமல், காலால் போட்ட ஒருவரை நான் கண்டதில்லை. என்னை அறியாமல் எழுந்து நின்று, "சரி! ரொம்பச் சரி! உக்காரு!" என்று கத்திவிட்டேன், கரும்பலகையில் சரியாகப் போட்ட பையனிடம் சொல்வது போல.

"யாரை உக்காரச் சொல்றீங்க அம்மா?" என்றார் விதைக்காரர்.

"உங்களைத்தான். மறைக்குது" என்று சமாளித்தேன்.

அந்தப் பந்தை அந்த ஆள் வெளியே அடித்துத் தொலைத்தான், அது வேறு விஷயம். உடனே மாப்பிள்ளை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டார். மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்தில் எதிரணி ஒரு கோல் போட்டது. இதேபோல்தான் குளிர்காலத்துக்கு முன்னும் பின்னும். ஒரு ஆட்டத்தில் ஊரே தூக்கிவைத்துக் கொண்டாடும், அடுத்ததில் ஊரே திட்டும். இரண்டு நாளும் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துத்தான் படுப்பார்.

மே மாதம் ரிம்மாவின் பிறந்தநாள். சாயங்காலம் விருந்து, அவள் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பகல் ஆட்டத்தில், அறுபத்தேழாவது நிமிஷம், ஃபதேய் வாக்கை மீறிப் பத்தாம் எண்ணை வெளியே கூப்பிட்டுவிட்டார். பத்து என்பது தன் முதுகில் இருப்பதே தெரியாதவன் போல இவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு நேரே வெளிக்கதவு வழியாக நடந்து, ஆணி வைத்த பூட்ஸோடும் சேறோடும் டிராலிபஸ்ஸில் ஏறிவிட்டான். (பார்த்தாயா, 'அவன்' வந்துவிட்டது.) கண்டக்டர் அம்மாள் டிக்கெட் கேட்டிருக்கிறாள்.

"நான் கலூகின்."

"கலூகினுக்கும் டிக்கெட் உண்டு."

"இந்த ஊருக்காக நான் ஆடறேன்!"

"ஆட்டம் இன்னும் முடியலையே, டிரைவர் ரேடியோவுல ஓடிட்டிருக்கு. நீ இங்க என்ன பண்றே?"

பஸ் முழுக்கச் சிரித்ததாம். இறங்கி நாலு கிலோமீட்டர் நடந்தே வந்தான். டக் டக்கென்று மாடி ஏறி, விருந்தாளிகள் நடுவே புகுந்து, பிறந்தநாள்காரியை ஒரு வார்த்தை வாழ்த்தாமல், சோபாவில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். ரிம்மா அழவில்லை. மெழுகுவத்தியைத் தானே ஊதி அணைத்துவிட்டு, கேக்கை எல்லோருக்கும் சமமாக வெட்டிக் கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. பாத்திரம் கழுவும்போது சொன்னாள்: "அம்மா, இந்த சீசன் முடியட்டும்னு இருக்கேன். நடுவுல விட்டுட்டுப் போனா அவரை மாதிரிதான் நானும்னு ஆயிடும்."

இவனை அணியிலிருந்து தள்ளிவைத்துவிட்டார்கள். கடைசி ஆட்டம் பாக்கி; ஜெயித்தால் அணி பிழைக்கும், இல்லாவிட்டால் கீழ்ப்பிரிவு. நான் மானத்தை மூட்டை கட்டிவிட்டு ஃபதேயிடம் போனேன்.

"டீச்சர், உங்க மாப்பிள்ளை கால்ல இருக்கறது வரம், வாயில இருக்கறது வம்பு. எனக்கு நெஞ்சுவலி மாத்திரை ரெண்டு வேளையிலேர்ந்து மூணு வேளை ஆயிடுச்சு" என்றார். என் மாணவர்தான் அவர்.

"ஃபதேய், ஒன்பதாம் வகுப்புல உனக்கு வட்டத்துக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியல. பாவம்னு அஞ்சுக்கு மூணு மார்க் போட்டுத் தேத்திவிட்டேன். ஞாபகம் இருக்கா?"

அவர் பெருமூச்சு விட்டார். "வந்து மன்னிப்புக் கேக்கட்டும். அது போதும்."

அதற்காக இவனை வீட்டில் மூன்று நாள் கெஞ்சினேன். "மாப்பிள்ளை, ஒரே ஒரு வார்த்தை, எனக்காகச் சொல்லுங்க." நான்காம் நாள் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக் கையைப் பிடித்து அழைத்துப்போனேன். ஃபதேயின் எதிரே நிமிர்ந்து நின்று இவன் சொன்னான்:

"ஃபதேய் லுக்கிச், நல்லா யோசிச்சுப் பாத்தேன். உங்களை மன்னிச்சிட்டேன்."

ஃபதேய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வேறு பத்தாம் எண் இல்லாத பாவி, பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்துக்கொண்டார்.

போன சனிக்கிழமை ஊரே மைதானத்தில். ரிம்மாவும் லீவு போட்டு வந்திருந்தாள், என் கையை இறுகப் பிடித்தபடி. எண்பத்தெட்டு நிமிஷம் ஒரு கோலும் விழவில்லை. அப்போது இவன் பந்தை வாங்கி, ஒருவனை ஏமாற்றி, இரண்டாமவனை ஏமாற்றி, கோல்கீப்பரையும் தரையில் உட்காரவைத்தான். எதிரே காலி கோல். நாலடி தூரம். குழந்தைகூட உருட்டிவிடும். இவன் நின்றான்! பந்தின்மேல் காலை வைத்துக்கொண்டு, யாருக்கோ காத்திருப்பவன் போல நின்றான். பத்தாயிரம் பேர் "அடிடா!" என்று அலறினார்கள். இவன் நிதானமாகத் திரும்பி, பின்னால் மாடு மாதிரி ஓடிவந்துகொண்டிருந்த பந்தெலேயிடம் தட்டிவிட்டான். பந்தெலே பின்வரிசைத் தடுப்பு ஆள், பதினோரு வருஷத்தில் ஒரு கோல் போட்டதில்லை. பயந்துபோய் முழங்காலுக்குக் கீழே எலும்பால் இடித்தான். பந்து கம்பத்தில் பட்டு, யோசித்து, உள்ளே போனது.

விதைக்காரர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பந்தெலே மைதானத்தில் குப்புற விழுந்து அழுதான். இவன் என்ன செய்தான் தெரியுமா? நேரே நடுவரிடம் போய், "எலும்பால இடிச்சான், அசிங்கமா இருந்துச்சு, இதையெல்லாம் கோல்னு ஒத்துக்காதீங்க" என்று வாதாடினான்! தன் அணி போட்ட கோலை! நடுவர் முதலில் சிரித்தார், போகச் சொன்னார், இவன் விடாமல் சட்டைக் கையைப் பிடிக்கவும் சிவப்பு அட்டையைக் காட்டினார். மீதி நேரத்தைப் பத்துப் பேரோடு முட்டிமோதி ஓட்டினார்கள். அணி பிழைத்தது. ஃபதேய் இவனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, அதே மூச்சில் வேலையை விட்டும் நீக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் ரிம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "ஏன் நீங்களே அடிக்கல?"

"காலி கோல்ல என்ன இருக்கு ரிம்மா? லெட்டரைத் தபால்பெட்டியில போடற மாதிரி. யார் வேணா போடலாம்."

"அப்ப நான் ஒன்பது வருஷமா என்ன பண்ணிட்டிருக்கேன்?" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "தினமும் அதே பெட்டியில அதே லெட்டரைத்தான் போட்டுட்டிருக்கேன். எழுந்து, சமைச்சு, வேலைக்குப் போய், திரும்பி வந்து. யார் வேணா போடலாம். ஆனா நான்தான் போட்டேன்."

அவன் சோபாவில் உட்கார்ந்தான், சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. நேற்று அவள் பெட்டி அடுக்கினாள், நான் துணிகளை மடித்துக் கொடுத்தேன், மனம் கல்லாகிவிட்டது அக்கா. அவன் ஆட்டம் அழகு, எனக்குத் தெரிந்த அளவு இந்த ஊரில் யாருக்கும் தெரியாது, ஆனால் அழகை மட்டும் வைத்துக்கொண்டு என் மகள் என்ன செய்வாள்? ஆகவே அவளை உன் பொறுப்பில் அனுப்புகிறேன். ஸ்டேஷனுக்கு மாமாவை அனுப்பு, பெட்டி கனம்.

நீயும் மாமாவும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், தோட்டத்தில் உருளைக்கிழங்கு பெருக்க வேண்டும் என்று பிரார்த்திக்கும்,

உன் அன்புத் தங்கை,
ஸோயா

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். அறையை ஒழித்திருந்தால் பழையபடி அடைத்துவிடு. சைபீரியாவிலிருந்து ஒரு கிளப்காரர் இன்று காலை மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை போனை மேஜைமேல் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். "ஓடுவீங்களா?" என்று அவர் கேட்டார். மாப்பிள்ளை போனைப் பார்க்கவில்லை, கதவோரம் நின்ற ரிம்மாவைப் பார்த்தார். "ஓடறேன். எட்டுச் சுத்தும் ஓடறேன். பக்கத்துல இவ இருக்கணும்" என்றார். ரிம்மா கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். பிறகு பெட்டியைத் திறந்து ஒரே ஒரு ஸ்வெட்டரை மட்டும் வெளியே எடுத்தாள். ஆரம்பத்துக்கு அது போதும்.

அதற்குள் மாப்பிள்ளை போனில் சேர்த்துச் சொன்னார்: "இன்னொரு விஷயம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எங்க அத்தைக்கு ஒரு சீட் வேணும். புரிஞ்சு பாக்கறவங்க ஒருத்தராவது இருக்கணும்." இந்த வயதில் சைபீரியாவாவது, நானாவது, முடியவே முடியாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மூவரும் புறப்படுகிறோம். கிளப்காரர் எனக்கு மூன்றாம் வரிசை தருவதாகச் சொன்னார். மூன்றாம் வரிசையிலிருந்து கோணம் ஒன்றும் தெரியாது. பதினெட்டாம் வரிசை, நடுக்கோட்டுக்கு நேரே, இல்லாவிட்டால் வேறு அத்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போனை வைத்துவிட்டேன்.