சாமியை உதைக்கக் கூடாது

"மயில்சாமி அண்ணே, ஒங்களுக்கு ஜோடி தேவசேனா," என்றார் கராத்தே மாஸ்டர் சுப்புராஜ், கையிலிருந்த தாளைப் பார்த்தபடி.

மயில்சாமிக்குச் சட்டென்று ஒன்றும் ஓடவில்லை. மஞ்சள் பெல்ட் டெஸ்டின் கடைசியில் ஒரு சண்டை உண்டு. இரண்டு நிமிடம். முகத்தில் குத்தக் கூடாது. மற்றபடி நெஞ்சிலும் தொடையிலும் நிஜமாகவே விழும். அது அவருக்குத் தெரியும். தேவசேனா யார் என்பதும் தெரியும். பதினான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு பழைய சேலைத்துணியில் சுற்றி அவர் கையில்தான் கொடுத்தார்கள்.

"மாஸ்டர், அது என் மகளுங்க."

"எனக்குத் தெரியாதாண்ணே? எடை பொருந்தி வருது. நீங்க அம்பத்தாறு, பாப்பா அம்பத்தஞ்சு. வேற ஆளுக்கு நான் எங்க போறது?"

முன்வரிசையில் நின்ற தேவசேனா திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு மூன்று மாதம் முன்னால் சேர்ந்தவள் என்பதால் வகுப்பில் அவள் சீனியர். வீட்டில் அவர் அப்பாவாக இருக்கலாம். ஹாலுக்குள் கால் வைத்தால் அவர்தான் மகளைப் பார்த்து முதலில் குனிந்து "ஓஸ்" என்று வணக்கம் சொல்ல வேண்டும்.

கராத்தே மேல் அவருக்கு அப்படியொன்றும் ஆசை இல்லை. கொடைக்கானல் ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர். நாற்பத்து நான்கு வயதில் யாரும் ஆசைப்பட்டுத் தொடையில் உதை வாங்குவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் மகள் வகுப்பில் சேர்ந்தபோது, திரும்பி வரும் வழியில் மூடுபனி என்று துணைக்குப் போனார். மூன்று மாதம் வெளியே நின்று நடுங்கியவரை, "அங்க நிண்டு வெறைக்கிறதுக்கு உள்ள வந்து குதிங்கண்ணே" என்று மாஸ்டர்தான் இழுத்து விட்டார். அன்றைக்குக் கட்டிய வெள்ளை பெல்ட்.

உண்மையான காரணம் வேறு. சின்ன வயதில் அவர் சுண்டுவிரலைப் பிடித்தால் விடாத பிள்ளை, பெரியவளானதும் தெருவில் பத்தடி முன்னால் நடக்க ஆரம்பித்திருந்தாள். வீட்டில் பேசினால் ஒற்றை வார்த்தை. ஆனால் வகுப்பு முடிந்து அட்டுவம்பட்டி வீடு வரை நடக்கும் அந்த நாற்பது நிமிடம் மட்டும், உடம்பு வலித்த களைப்பிலோ என்னவோ, பக்கத்திலேயே நடந்து ஏதாவது பேசிக்கொண்டு வருவாள். அந்த நாற்பது நிமிடத்துக்காக அவர் எத்தனை உதை வேண்டுமானாலும் வாங்குவார். கொடுப்பது என்பதுதான் முடியாது. அதுவும் அவளுக்கு.

மறுநாளே மயில்சாமி நொண்டிக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

"கால் சுளுக்கிக்கிருச்சு மாஸ்டர். டெஸ்டுக்கு நான் வரலை."

"அட, சுளுக்குத்தானே?" மாஸ்டர் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். அந்த நிமிடம் வரை நன்றாக இருந்த கால் அப்போதுதான் நிஜமாகச் சுளுக்கியது. ஐந்து நாள் வீங்கிக் கிடந்தது. தேவசேனா தினமும் தைலம் தேய்த்துவிட்டாள். தேய்க்கும்போது அவள் முகத்தைப் பார்க்கப் பார்க்க, இந்தப் பிள்ளையை எப்படி உதைப்பது என்ற கவலை இன்னும் கூடித்தான் போனது.

வீக்கம் வடிந்ததும் மாஸ்டரைத் தனியாகப் பிடித்தார்.

"மாஸ்டர், ஒரு சின்ன உதவி. பாப்பா ஒரு உதை விட்டதும் நான் பாட்டுக்கு விழுந்துர்றேன். சோலி முடிஞ்சிரும்."

"விட்டுக்கொடுத்தா அது சண்டையா? ரெண்டு பேரையும் பெயில் போட்டுருவேன்," என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டு ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆக, இப்போது அவர் அடிக்காவிட்டால் மகளும் பெயில். வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

அன்றைக்குச் சாப்பிடும்போது தேவசேனா தட்டைப் பார்த்தபடி அம்மாவிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "நாங்க கிளாஸ்ல சேர்றதுக்கு முந்தின வருசம் பிரசாந்த் அண்ணன் பழனிக்கு மாலை போட்டிருந்துச்சாம்மா. ஒரு மண்டலம் அதை யாரும் தொடலை. சாமியை உதைக்கக் கூடாதுன்னு மாஸ்டரே சொல்லிட்டாராம்."

மயில்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்.

மறுநாள் வெள்ளனே எழுந்து குளித்து, குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போய், பச்சை வேட்டி கட்டி மாலையைப் போட்டுக்கொண்டார். மாலை அவருக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் தைப்பூசத்துக்குத் தைப்பூசம் பழனிக்கு நடந்தவர்தான். கொரோனாவில் ஒரு வருடம் விட்டது. அதற்குப் பிறகு ஆறு சைக்கிள் இருபதானது, ஏரிக்கரையில் கூட்டம் கூடியது, முருகன் தள்ளித் தள்ளிப் போனார்.

மாலையைப் பார்த்ததும் மாஸ்டர் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

"முருகா சரணம். டெஸ்டைத் தைப்பூசம் கழிச்சு வச்சுக்கலாம் சாமி."

மயில்சாமி நிம்மதியாக மூச்சுவிட்டார். அது ஒரு நாள் தாங்கியது.

மார்கழி மாதத்துக் கொடைக்கானலில் விடிகாலைப் பச்சைத் தண்ணீர் என்பது விளையாட்டல்ல. புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. ஓசைப்படாமல் அடுப்பில் வெந்நீர்ப் பானையை ஏற்றியவரை மனைவி ஜோதிமணி கையும் களவுமாகப் பிடித்தாள்.

"ஏங்க, மாலை போட்ட ஒடம்புக்கு வெந்நீர் கேக்குதா?"

"ஒரு சொம்புதான் ஜோதி."

"ஆறு வருசமா ஏமாத்துன சாமியை இப்பவும் ஏமாத்தலாம்னு பாக்கீகளா?" என்று பானையை இறக்கி வைத்தாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று குளியல். பாயில் படுக்கை. ஏரிக்கரையில் செருப்பில்லாமல் நின்ற அவர் பாதத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள் சுற்றுலா வந்தவர்கள்.

வகுப்பு அதைவிட மோசம். சாமியை உதைக்கக் கூடாது. ஆனால் சாமி பயிற்சியை விடவும் கூடாது. அதனால் மற்றவர்கள் உதைத்துப் பழகும் கனத்த பஞ்சுத் திண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலையை அவருக்குக் கொடுத்தார் மாஸ்டர். முன்பு ஒருவரிடம் உதை வாங்கியவர் இப்போது பன்னிரண்டு பேரிடம் வாங்கினார். ஒவ்வொருவரும் உதைப்பதற்கு முன் "முருகா சரணம்" சொல்லிவிட்டு உதைத்தார்கள். பக்திக்கு ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டு பேரில் பலமாக உதைத்தது தேவசேனா.

டெஸ்ட் தள்ளிப்போன கோபம் என்று அவர் நினைத்தார். ஏனென்றால் அவள் அவரை அப்பா என்று கூப்பிடுவதையே நிறுத்தியிருந்தாள்.

"சாமி, சாப்பிட வாங்க சாமி."

"ஏம்மா, எங்கிட்ட என்ன வாங்க போங்கங்கிற?"

"மாலை போட்டிருக்கீங்கள்ல, சாமி."

எல்லோரும்தான் சாமி என்றார்கள். கடைப்பையன் சொன்னான், எதிர்வீட்டுக்காரர் சொன்னார், அதெல்லாம் ஒன்றும் செய்யவில்லை. இவள் வாயிலிருந்து வந்தபோது மட்டும் வலித்தது. வகுப்பு முடிந்து திரும்பும்போதும், சாமிக்கு வழி விடுகிறவள்போல் நாலடி தள்ளியே வந்தாள். எந்த நாற்பது நிமிடத்தைக் காப்பாற்ற இத்தனை கூத்தும் அடித்தாரோ, அதையே தன் கையால் தொலைத்துவிட்டது அவருக்குப் புரிந்தது. ராத்திரிப் பாயில் புரண்டு புரண்டு படுத்தார்.

தை பிறந்ததும், சீக்கிரம் மாலையைக் கழற்றினால் போதும் என்ற எண்ணத்தில், "பழனிக்குப் பஸ்ல ஒரு நடை போயிட்டு வந்துர்றேன்," என்றார்.

ஜோதிமணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

"சரி, நடந்தே போறேன்."

"நானும் வாரேன்," என்றாள் தேவசேனா.

"ஒனக்கு எதுக்கும்மா? அறுபது கிலோமீட்டருக்கு மேல."

"சாமிக்குத் துணை வேணும்ல."

ஒரு சனிக்கிழமை விடிவதற்கு முன் இருவரும் இறங்கத் தொடங்கினார்கள். பெருமாள்மலை தாண்டும் வரை அவள் நாலடி தள்ளியே வந்தாள். பழனிச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் காப்பிப்பூ வாசம் போலொன்று வந்தது. இதே வளைவுகளில்தான் மயில்சாமி ஒரு காலத்தில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குவார். இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, இடது காதை இழுத்தால் இடப்பக்கம், வலது காதை இழுத்தால் வலப்பக்கம் என்று அவரை ஓட்டிக்கொண்டே வருவாள். குரங்கைக் கண்டால் இரண்டு காதும் போச்சு. பழனி போய்ச் சேரும்போது காது தீயாய் எரியும். அந்த எரிச்சல்கூட இப்போது கிடைத்தால் தேவலை என்று இருந்தது.

பகல் ஏறியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்பா, கொஞ்சம் நில்லேன். கால் வலிக்குது."

அவர் அப்படியே நின்றுவிட்டார். சாமி என்று திருத்திச் சொல்லிவிடுவாளோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. அவள் திருத்தவில்லை. பாலத்துச் சுவரில் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பாட்டிலை அவரிடம் நீட்டினாள்.

"இந்தப் பாலத்துலதான நான் ஒன் தலையில வாந்தி எடுத்தேன்?"

"அடுத்த பாலம். ரெண்டு தடவை."

சிரித்தாள். பிறகு நடந்துகொண்டே கேட்டாள், "ஏம்ப்பா நிப்பாட்டுன? நாம நடக்கிறதை?"

"சோலிதாம்மா. வேறென்ன."

"நான் வருசா வருசம் வெயிட் பண்ணுவேன். தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. எதிரே லாரி வந்தபோது அவள் ஒதுங்கி, யோசிக்காமல் அவர் சுண்டுவிரலைப் பிடித்தாள். லாரி போன பிறகும் விடவில்லை. மயில்சாமி சாலையை விட்டு மரங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கண் கலங்கியதை மகள் பார்க்க வேண்டாம் என்றுதான்.

"அந்த டெஸ்டு விசயம், தேவா..."

"அதெல்லாம் பெறகு பாத்துக்கலாம்ப்பா. நீ வெரசா நட."

இரண்டாம் நாள், பழனி மலை கண்ணில் பட்டபோது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இனி ஒளிய மாட்டார். இவ்வளவு தூரம் கூட நடந்த பிள்ளை உழைத்து வாங்கும் பெல்ட்டை அவர் கோழைத்தனத்தால் கெடுக்கக் கூடாது. எதிரே நின்று, பெல்ட்டுக்கு வேண்டிய அளவு அடிப்பார். அப்புறம் தைலம் தேய்த்துவிடுவார். மொட்டை போட்டுக்கொண்டு, மாலையைக் கழற்றி, முருகனிடம் அடி அளவோடு விழ வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டார்.

டெஸ்ட் நாளன்று மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் முதல் ஆளாக ஹாலுக்குப் போனார். பெல்ட்டை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினார். மாஸ்டர் தாளை எடுத்தார்.

"தேவசேனாவுக்கு ஜோடி பண்ணைக்காட்டுப் பாண்டிச்செல்வி. மயில்சாமி அண்ணனுக்குப் பிரசாந்த்."

மயில்சாமி வரிசையை விட்டு ஓடி வந்தார்.

"மாஸ்டர், ஜோடி மாறிக் கெடக்கு. எனக்கு என் மகதானே? எடை பொருந்தி வருதுன்னீங்களே?"

அந்தப் பக்கம் தேவசேனா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, ஏற்கெனவே இறுகியிருந்த பெல்ட்டை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது.

மாஸ்டர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அண்ணே, அடுத்த வருசமும் ஒங்களைப் பழனிக்கு நடக்க வைக்கணும்னா வேற வழி பாத்துக்கச் சொல்லுங்க ஒங்க பாப்பாவை; இன்னொரு தடவை அப்பனையும் மகளையும் மோத விடப்போறேன்னு என்னால பொய் சொல்ல முடியாது."