ஒரு காலியிடத்துக்கு ஓர் ஆய்வாளர்

பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறையில் ஒரே ஒரு விரிவுரையாளர் பணியிடம் காலியாக இருப்பதாக, ஒன்பது ஆண்டுகள் ஆழ்ந்து பரிசீலித்தபின் நிர்வாகம் அறிவித்தது. தெருவில் 'ஊசி போடாத டாக்டர்' என்று பெயர் வாங்கியிருந்த பெண்மணி அன்றே விண்ணப்பத்தோடு ஓடினார். அதே துறையில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வகுப்பெடுத்தே அவருக்குத் தலை நரைத்திருந்தது.

நியமனப் பிரிவு எழுத்தர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "உங்க ஆய்வேட்டைப் படிச்சேம்மா," என்றார்.

டாக்டருக்குப் புல்லரித்துவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் ஒரு மனிதர் படித்திருக்கிறார்! வழிகாட்டிப் பேராசிரியரே முன்னுரையைத் தாண்டியதில்லை.

"'நான்'னு ஒண்ணு கிடையாதுன்னு நிரூபிச்சிருக்கீங்க. பல்கலைக்கழகமும் ஏத்துக்கிட்டுப் பட்டம் கொடுத்திருக்கு. சரிதானே?"

"சரிதான் சார்."

"அப்போ விண்ணப்பத்துல கையெழுத்துப் போட்டது யாரு?"

"அது... நான்தான்."

"நீங்க இருந்தா ஆய்வு தப்பு, பட்டம் போச்சு. ஆய்வு சரின்னா விண்ணப்பதாரரே இல்ல. ரெண்டுல எதுன்னு எழுதிக் கொடுங்கம்மா, கோப்புல சேர்த்துடறேன்."

விவகாரம் பதிவாளர் வரை போனது. பதிவாளர் குழு போட்டார். குழு துணைக்குழு போட்டது. நாலு மாதம் தேநீர் குடித்து அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: விண்ணப்பித்த நாற்பத்தொரு பேரின் ஆய்வேடுகளும் விண்ணப்பங்களோடு முரண்படுகின்றனவா என்று கண்டறிய ஓர் ஆய்வாளர் தேவை. காலியிடம் நிரம்பும் நாள் வரை தற்காலிகப் பணி. அதை டாக்டருக்கே கொடுத்தார்கள்.

"நானே இல்லைன்னீங்களே?" என்று கேட்டார் டாக்டர்.

"தற்காலிகப் பணிக்கு ஆள் இருந்தே ஆகணும்னு விதியில இல்லம்மா," என்றார் எழுத்தர்.

தனி அறை, சுழலும் நாற்காலி, ரப்பர் முத்திரை. முதல் கோப்பில் முத்திரை குத்துமுன் டாக்டர் அதை மூன்று முறை படித்துப் பார்த்தார். பத்தாவது கோப்பில் தயக்கம் போய் ருசி தட்டிவிட்டது. காலம் என்பதே பொய் என்று நிறுவியவர் பன்னிரண்டு வருட அனுபவம் காட்டியிருந்தார்; நிராகரிப்பு. மனிதனுக்குச் சுயவிருப்பம் கிடையாது என்றவர் 'என் முழு விருப்பத்தோடு விண்ணப்பிக்கிறேன்' என்று எழுதியிருந்தார்; நிராகரிப்பு. எதையுமே உறுதியாக அறிய முடியாது என்றவர் தன் பிறந்த தேதியைத் துல்லியமாகக் குறித்திருந்தார். அவருக்கு முத்திரை இரண்டு முறை விழுந்தது.

நாற்பதும் நிராகரிப்பான பின் மிஞ்சிய கடைசிக் கோப்பு டாக்டருடையது. ஒரு நாள் பூராவும் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதிலும் குத்தினார்.

காலையில் விஷயத்தைக் கேட்ட கணவர் சட்டைப் பொத்தானைப் போடாமலே நின்றார். அச்சகத்தில் பிழை திருத்துபவர் அவர்.

"பைத்தியமா உனக்கு? உன்னுதை மட்டும் விட்டிருக்கலாமே!"

"விட்டா மத்த நாற்பது பேரும் கோர்ட்டுக்குப் போவாங்க. அது முடியற வரைக்கும் அந்த வேலையும் இல்ல, இந்த வேலையும் இல்ல. இப்போ மறுபடியும் விளம்பரம் கொடுப்பாங்க, மறுபடியும் கோப்பு வரும். எனக்கு அறை இருக்கு."

கணவர் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நிராகரிக்கப்பட்டவர்கள் திரண்டு வருவார்கள் என்று பதிவாளர் வாசலில் இரண்டு காவலாளிகளைக் கூடுதலாக நிறுத்தினார். யாரும் வரவில்லை. அடுத்த வாரம் டாக்டரின் மேசையில் நாற்பது கடிதங்கள் இருந்தன. நாற்பதிலும் ஒரே பணிவான விசாரிப்பு:

'தங்கள் ஆய்வுக்கு உதவியாளர் யாரும் தேவைப்படுகிறார்களா?'